தகவல் எழுத்தறிவு ஆய்வு: கடலோரக் கல்லூரியில் ஒரு பருவம் செமினார் நடத்த முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து படிக்க வரும் மாணவர்கள் பலரின் வீட்டில் ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. இந்தச் செய்தியை நம்பிக் கடலுக்குப் போகலாமா, வேண்டாமா? வானிலை அறிக்கை ஒன்று சொல்லும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒன்று சொல்லும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய காணொளி வேறு சொல்லும். தாத்தா வெளியே வந்து காற்றைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொல்வார். இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது, எதைச் சரிபார்க்கும்வரை ஒத்திவைப்பது என்ற அந்தக் கணக்குதான் பாடத்திட்டத்தில் ‘தகவல் எழுத்தறிவு’ என்ற பெயரில் வருகிறது.

ஆனால் வகுப்பறையில் அந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதும் தரவுத்தளத்தில் லாகின் செய்யக் கற்றுத் தருவதும்தான். அதுவும் தேவைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், மாணவர் வீட்டில் நடக்கும் மிக நுட்பமான தகவல் வேலை வகுப்புக்குள் வரவே வராது. இந்த வழிகாட்டி அதை உள்ளே கொண்டுவருவதற்கானது. முதுகலை மாணவர்கள் பத்திலிருந்து பதினைந்து பேர், வாரம் ஒரு நீண்ட வகுப்பு, பதினைந்து வாரம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நூலக அறிவியல், சமூகவியல், இதழியல், கடல்சார் படிப்பு என எந்தத் துறையிலும் நடத்தலாம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது

தேடக் கற்றுத் தரும் வகுப்பும், மனிதர்கள் எப்படித் தேடுகிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று ஆராயும் செமினாரும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது அதற்குள் தானாக வந்துவிடும். மாணவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடித்தாக வேண்டிய தேவை வந்த பிறகு தேடக் கற்றுக்கொடுத்தால் மனதில் நிற்கிறது. தேவை வருவதற்கு முன்னே கொடுத்தால் அடுத்த வாரம் மறந்துபோகிறது.

அடுத்து, வகுப்பு முழுவதுக்கும் ஒரே கேள்வி வையுங்கள். ஆளுக்கொரு தலைப்பு கொடுப்பது நம் வழக்கம். அப்படிக் கொடுத்தால் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒரே கேள்வி என்றால் ஒருவர் கொண்டுவந்த கட்டுரை எல்லோருக்கும் வேலைக்காகும், ஒருவர் எடுத்த பேட்டி இன்னொருவர் பேட்டியை மறுக்கும். இந்தக் கரைக்கு ஏற்ற கேள்விகள் பல உண்டு:

- கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை கரையில் எந்த வழியாக வந்து சேர்கிறது, எப்போது நம்பப்படுகிறது?
- கடல்பாசி எடுக்கும் பெண்கள் விலை, விதி, தடை பற்றிய செய்திகளை யாரிடமிருந்து அறிகிறார்கள்?
- கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏஜென்ட் சொல்வதை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

இங்கே முதல் கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறேன். அதில் அரசு, அறிவியல், அனுபவம், வதந்தி நான்கும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பருவம் முழுக்கத் தாங்கும்.

பருவம் தொடங்கும் முன்: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அறைக் கணினியில் திறக்கும் கட்டுரை மாணவர் கைபேசியில் திறக்கும் என்று எண்ண வேண்டாம். வாசிக்கக் கொடுக்கப்போகும் ஒவ்வொன்றையும் ஒரு மாணவரின் கைபேசியில், கல்லூரிக்கு வெளியே, திறந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் எல்லாவற்றையும் கைபேசியில்தான் படிக்கப்போகிறார்கள்.

கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தருவதற்கு இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டம் இருக்கிறது. உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா, கணக்குகள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றனவா என்று நூலகரிடம் கேளுங்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக 2025 ஜனவரியில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ தொடங்கியது. ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் வருகின்றன. உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றாலும் தளர வேண்டாம். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் களஞ்சியமான ஷோத்கங்கா யாருக்கும் இலவசம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

இந்தக் கரைக்கென்றே ஒரு செல்வம் தனியாக உண்டு. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் அதன் பிராந்திய மையம் இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் வெளியீடுகள் திறந்த இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. கடல் மீனவர் கணக்கெடுப்பு அறிக்கைகளில் மீனவ கிராமவாரியான விவரம் வரும். மாணவர் தன் ஊர்ப் பெயரை ஓர் ஆய்வு அறிக்கையின் அட்டவணையில் கண்டால் வாசிப்பின் மேல் வரும் ஈடுபாடே வேறு.

நாட்காட்டியையும் முன்கூட்டியே பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஜூனில் தொடங்கும் பருவம் என்றால் வகுப்பு தொடங்கும் நேரத்தில் கரை முழுக்கப் பரபரப்பாக இருக்கும், யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். முடிந்தால் செமினாரை ஆகஸ்டில் தொடங்கி, களப்பணி அக்டோபர், நவம்பரில் வரும்படி வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் எச்சரிக்கைகள் அடிக்கடி வரும், படகுகள் கரையில் கிடக்கும், பேச நேரமும் இருக்கும், பேச விஷயமும் இருக்கும்.

முதல் வகுப்பு: வரையறை வேண்டாம், ஒரு காணொளி போதும்

ராமேசுவரம், பாம்பன் பக்கம் கடல் உள்வாங்கியது, படகுகள் தரைதட்டி நிற்கின்றன என்ற செய்தி வருடத்தில் சில முறையாவது வரும். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. அப்படி ஒரு காணொளியை முதல் வகுப்பில் போடுங்கள். இது எங்கே, எப்போது எடுத்தது, இதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இருபது நிமிடம் கொடுத்து, கைபேசியில் எப்படி வேண்டுமானாலும் தேடச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டளை: என்ன தேடினேன், எதைத் திறந்தேன், எங்கே நிறுத்தினேன் என்று ஒவ்வொரு அடியையும் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

விடையைவிட இந்தக் குறிப்புதான் உங்களுக்குப் பொருள். சிலர் அந்தக் காணொளியையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். சிலர் முதலில் வந்த செய்தித் தளத்தோடு நிற்பார்கள். யாராவது ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு, “அப்பா, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?” என்று கேட்பார். அந்த அழைப்பைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். அதுவும் ஒரு தேடல் முறை. நேரில் பார்த்தவரிடம் கேட்பதைவிட வேகமான வழி சில சமயம் கிடையாது.

பிறகு சரிபார்க்கும் வழியைச் சேர்ந்து கட்டுங்கள். நிலநடுக்கம் ஏதும் பதிவானதா? ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையத்தை நடத்துகிறது. அதன் அறிவிப்பு என்ன சொல்கிறது? அன்று ஓதம், அதாவது அன்றாடம் ஏறி இறங்கும் கடல்மட்டம், இறங்கும் நேரமா? காற்று எந்தப் பக்கம் அடித்தது? பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கரையோரத்தில் நெடுந்தூரம் தரை தெரியும். படத்தின் ஒரு சட்டகத்தை எடுத்துப் படத்தேடலில் போட்டால் பழைய காணொளியா என்பதும் பல நேரம் தெரிந்துவிடும்.

இன்னொரு சிறு பயிற்சியும் முதல் வகுப்பிலேயே வைக்கலாம். “பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்” என்ற தலைப்புச் செய்தியைக் காட்டி, மூன்று என்றால் என்ன என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். மொத்தம் பதினொரு கூண்டுகள். ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள ஆபத்துக்கு, மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கைக்கு, அதற்கு மேல் படிப்படியாகக் கூடிய ஆபத்து. பதினொன்று மட்டும் தனி: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். தகவல் வரவில்லை என்பதையே ஒரு தகவலாக அறிவிக்கும் ஏற்பாடு இது. வகுப்பில் நல்ல பேச்சைத் தொடங்கி வைக்கும்.

எதை எந்த வரிசையில் வாசிப்பது

இங்கேதான் செமினார் நிற்கும் அல்லது விழும். வழக்கமான வரிசை வரையறையில் தொடங்கி வரலாறு வழியாகக் கொள்கைக்கு வரும். நான் அதை மாற்றச் சொல்வேன். மாணவர் தன் ஊரை அடையாளம் காணும் ஆய்விலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஆனமேரி லாய்ட். ஆஸ்திரேலிய ஆய்வாளர். தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ் பணியாளர்களும் தங்கள் வேலைக்கு வேண்டிய தகவலை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். புதிதாகச் சேர்ந்தவர் பயிற்சிக் கையேட்டில் கற்றது ஒரு வகை அறிவு. உண்மையான தீயின் முன் நின்று, வெப்பத்தையும் புகையையும் உடம்பால் உணர்ந்து, மூத்தவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கற்பது இன்னொரு வகை. தகவல் எழுத்தறிவு என்பது எழுத்தில் மட்டும் இல்லை, உடம்பிலும் கூடி வேலை செய்கிறவர்களிடையிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். இதை வாசித்த பிறகு, வாடை, கொண்டல், கச்சான் என்ற காற்றுகளுக்கிடையே வித்தியாசம் சொல்லும் தன் தாத்தாவை மாணவர் புதிதாகப் பார்ப்பார். விளக்கமே தேவைப்படாது. “உங்கள் வீட்டில் தகவலை உடம்பால் படிப்பவர் யார்?” என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும்.

இரண்டாவது கரோல் குல்தாவ். 1980களில் அமெரிக்கப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, தகவல் தேடும் பயணத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். அவருடைய பெரிய கண்டுபிடிப்பு உணர்ச்சி பற்றியது. தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது இருந்த உற்சாகம், தேடித் துழாவும் கட்டத்தில் குழப்பமாகவும் சந்தேகமாகவும் மாறுகிறது. ஒரு தெளிவான கோணம் பிடிபட்ட பிறகுதான் நம்பிக்கை ஏறுகிறது. இதை நான்காம், ஐந்தாம் வாரத்தில் வாசிக்க வைப்பது நல்லது. அப்போதுதான் உங்கள் மாணவர்களும் அந்தக் குழப்பத்தில் இருப்பார்கள். தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, இது எல்லோருக்கும் நடப்பது, ஆய்வில் பதிவானது என்று தெரிவது பெரிய ஆறுதல்.

மூன்றாவது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வு. வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளங்கலை மாணவர்கள் 25 பேர். எல்லோரிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். மாணவர்களும், ஆச்சரியமாக அறிஞர்களில் பலரும், தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் வாசித்து, அழகான சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்து, புதுச் சாளரங்கள் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதைச் சொல்லலாம். முதல் வகுப்பில் எழுதிய குறிப்பை இப்போது திருப்பிக் கொடுத்து, நீங்கள் உள்ளே சுற்றினீர்களா, வெளியே வந்தீர்களா என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் பிறகு வரலாறு. 1974இல் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் தகவல் எழுத்தறிவு என்ற கருத்தை முன்வைத்தார். அவர் தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவர் என்பதை மாணவர்கள் கவனிக்கட்டும். அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2000இல் ஐந்து தரநிலைகளை வகுத்து, 2016இல் அவற்றைக் கைவிட்டு ஆறு கருத்துகள் கொண்ட சட்டகத்துக்கு மாறியது. அந்த ஆறில் ஒன்று, அதிகாரம் என்பது சூழலைப் பொறுத்துக் கட்டப்படுவது என்கிறது. வலசை போகும் மீனைப் பற்றி ஆராய்ச்சியாளருக்கும், நாளை காலை எந்தப் பக்கம் வலை விடுவது என்பதில் வத்தை என்ற நாட்டுப்படகில் போகிறவருக்கும் இருக்கும் அதிகாரத்தை வைத்து இதைப் பேசினால் ஒரு வகுப்பு போதாது. கிறிஸ்டின் புரூஸ் 1997இல் சொன்ன தகவல் எழுத்தறிவின் ஏழு முகங்கள் போன்றவற்றை ஆர்வமுள்ள மாணவர் ஒருவரிடம் கொடுத்து, சுருக்கமாகச் சொல்லச் சொல்லலாம்.

இவை எல்லாமே ஆங்கிலக் கட்டுரைகள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். பேச்சு தமிழில் நடக்கட்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கே வரி எழுதி வர வேண்டும்: என்ன சொல்கிறார், யாரைக் கேட்டுச் சொல்கிறார், எப்படிக் கேட்டார், யாரைக் கேட்கவில்லை. நான்காவது வரியில்தான் மாணவர் ஆய்வாளராக மாறத் தொடங்குகிறார்.

ஒரு கூற்றை ஊற்று வரை தேடிப் போவது

ஆறாம் வாரத்திலிருந்து இரண்டு மூன்று வாரம் இதற்கு ஒதுக்குங்கள். அவசரப்பட வேண்டாம்.

எளிதான ஒன்றில் தொடங்கலாம். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள் கொண்டது. சில இடங்களில் 19 என்று இருக்கும். எது சரி? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. ஒரு எண் அறிவிக்கையிலிருந்து வருகிறது, மற்றது இன்றைய நிலையிலிருந்து. எண்ணுக்குப் பின்னால் ஒரு தேதி ஒளிந்திருப்பதை இது காட்டிவிடும். மீன்பிடித் தடை 45 நாளா, 61 நாளா என்பதும் இதே வகை. பழைய கட்டுரைகளில் 45 என்றுதான் இருக்கும்.

அடுத்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் கடலில் போனது. ரயிலில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம் என்று ஒரு இடத்தில் இருக்கும், இருநூறு வரை என்று இன்னொரு இடத்தில் இருக்கும். டிக்கெட் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டவர் ஒரு எண்ணைச் சொல்கிறார், டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்து மதிப்பிட்டவர் வேறு எண்ணைச் சொல்கிறார். மாணவர்கள் இந்தப் பயிற்சியில் ‘சரியான எண்ணை’க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வரைபடம் போட வேண்டும். பல கட்டுரைகள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்தவை என்பது வரையும்போதே வெளிப்படும். இறந்தவர்களின் உறவினர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள் என்பதை மறக்காமல், மரியாதையோடு செய்ய வேண்டிய பயிற்சி இது.

கடைசியாகக் கடினமான ஒன்று: கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடல்பாசி. ஊரில் பெப்சிப் பாசி என்பார்கள். 1990களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்து, 2000க்குப் பிறகு ஒப்பந்த முறையில் பரவியது. பல குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வருமானம் வந்தது. 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்திருப்பதாகச் சொன்னது. வளர்ப்பை ஆதரித்த ஆய்வாளர்கள் ஆபத்தைப் பெரிதுபடுத்துவதாக மறுத்தார்கள். இந்தச் சர்ச்சையைக் கையில் எடுத்ததும், அறிவியல் கட்டுரையிலேயே வந்திருக்கிறது, ஆகவே உண்மை என்ற எளிய விதி உடைந்துவிடும். யார் எங்கே மாதிரி எடுத்தார்கள், எந்த ஆண்டு, யார் பணத்தில், பிறகு யார் மேற்கோள் காட்டினார்கள் என்று மாணவர்கள் அட்டவணை போடட்டும். அறிவுலகம் ஒரு நீண்ட உரையாடல் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உள்ளூர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரங்களில்தான் தேடல் நுட்பத்தைக் கற்றுத் தர வேண்டும். ராமநாதபுரம் என்று மட்டும் தேடினால் பழைய ஆங்கில ஆவணங்கள் வராது. அவற்றில் ராம்நாட் என்றிருக்கும். தமிழில் கடல்பாசி, கடற்பாசி இரண்டையும் போட வேண்டும். பாசியின் அறிவியல் பெயரும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. பழைய கட்டுரைகளில் யூகேமா என்று இருக்கும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் மேற்கோள் பட்டியல் வழியாகப் பின்னோக்கியும், கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியாக முன்னோக்கியும் போகலாம் என்று காட்டுங்கள்.

களத்துக்குப் போகும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

ஒவ்வொரு மாணவரும் மூன்று நான்கு பேரிடம் ஆழமாகப் பேசினால் போதும். எண்ணிக்கை கூட்டுவதில் பயனில்லை.

முதலில் பாதுகாப்பு. நம் பாதுகாப்பு அல்ல, பேசுகிறவரின் பாதுகாப்பு. எல்லை தாண்டியது, தடை செய்த கடல் அட்டையைப் பிடித்தது, எந்த இடத்தில் வலை விட்டது போன்றவை பேச்சுவாக்கில் வரும். அவற்றை எழுதக் கூடாது, பதிவு செய்யவும் கூடாது. ஒலிப்பதிவில் வந்துவிட்டால் அந்தப் பகுதியை அன்றே அழித்துவிட வேண்டும். பேசியவர் பெயர், படகு எண், தேதி எதுவும் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது. மாணவர் அதே ஊர்க்காரர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், யார் சொன்னது என்று ஊரே கண்டுபிடித்துவிடும். இதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசுங்கள். சம்மதத்தைத் தமிழில், பேச்சு நடையில், வாயால் கேட்டுப் பெறலாம். நீட்டி எழுதிய படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் அரசு ஆள் என்று நினைத்துப் பேச்சு நின்றுபோகும்.

அடுத்து நேரம். விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வெவ்வேறு நாள்களில் கடலுக்குப் போகின்றன. விசைப்படகுகள் மீன்துறையிடம் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு வாங்கிப் புறப்படும். டோக்கன் கொடுக்காத நாள்தான் நமக்கு நல்ல நாள். பாசி எடுக்கும் பெண்கள் ஓதத்தைப் பார்த்துப் போவார்கள், அவர்களிடம் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும்.

கேள்வி கேட்கும் முறைக்கு ஒரு வகுப்பு ஒத்திகை வையுங்கள். “நீங்கள் வானிலைத் தகவலை எந்த மூலங்களிலிருந்து பெறுகிறீர்கள்?” என்று கேட்டால், “ரேடியோ, டிவி” என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும்: “அண்ணே, கடைசியா கடலுக்குப் போக வேணாம்னு சொன்னாங்கள்ல, அது உங்களுக்கு முதல்ல யாரு மூலமா தெரிஞ்சுச்சு? அப்புறம் என்ன பண்ணீங்க?” இதற்குப் பதில் கதையாக வரும். முதலில் மைத்துனர் போன் செய்தார், பிறகு சங்கத்தில் கேட்டோம், பிறகு கரைக்குப் போய்ப் பார்த்தோம் என்று வரிசையாக வரும். அந்த வரிசைதான் உங்கள் தரவு. எச்சரிக்கை வந்தும் போன நாள் உண்டா, எச்சரிக்கை இல்லாமலே போகாமல் நின்ற நாள் உண்டா என்று இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பெரியவர்கள் முகம் மலர்ந்து பேசுவார்கள்.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். “அக்கா, அண்ணன் கடல்ல இருக்கும்போது செய்தி உங்களுக்கு எப்படி வரும்?” என்று தொடங்கலாம். கரையில் தகவலைச் சேகரித்து, ஒப்பிட்டு, பயத்தோடு காத்திருக்கும் வேலையைச் செய்வது அவர்கள்தான். இத்துறை ஆய்வுகளில் அந்த வேலைக்குக் கிடைத்திருக்கும் இடம் குறைவு.

பேட்டியிலிருந்து கட்டுரைக்கு

பேட்டியைப் பேசியபடியே தமிழில் எழுத வேண்டும். வடகடல், தென்கடல், காற்றின் பெயர்கள், நீரோட்டம் பற்றிய சொற்கள் எதையும் பாடநூல் தமிழுக்கு மாற்றக் கூடாது. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுவதாக இருந்தாலும், வகைப்படுத்தும் வேலை தமிழ்ப் பேட்டியில்தான் நடக்க வேண்டும். முதலில் மொழிபெயர்த்துவிட்டால் நுட்பங்கள் அங்கேயே உதிர்ந்துபோகும்.

எல்லாப் பேட்டிகளையும் அச்செடுத்துத் தரையில் பரப்பி, வகுப்பே சேர்ந்து வண்ணப் பேனாவால் குறிக்கட்டும். யார் சொன்னது, எப்படிச் சரிபார்த்தார்கள், ஏன் நம்பினார்கள், ஏன் நம்பவில்லை. மென்பொருள் தேவையில்லை. ஒரே பத்தியை இருவர் வெவ்வேறாகக் குறித்தால், அந்த இடத்தில் நின்று பேசுங்கள். இந்த வேலைக்கு இரண்டு முழு வகுப்பு வேண்டும்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைத் தடை செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவற்றையும் ஆய்வுப் பொருளாக்குங்கள். மன்னார் வளைகுடா பற்றிப் பத்து ஆய்வுக் கட்டுரைகள் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றும் உண்மையில் இருக்கிறதா, அந்த இதழின் அந்தத் தொகுதியில் அந்தப் பக்கம் அதுதானா என்று மாணவர்கள் தேடட்டும். இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோலச் சொல்லும் வழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு என்பதை அவர்களே கண்டால் அது மறக்காது. பிறர் எழுத்தை எடுத்தாள்வது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறையைச் சொல்லிவிடுங்கள்: பத்து சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் நடவடிக்கைப் படிகள் தொடங்குகின்றன. ஆனால் அந்தச் சதவீத எண்ணை மட்டும் பார்த்து எழுதப் பழகினால், சொல்லை மாற்றிப் போடும் வித்தைதான் வளரும்.

மதிப்பெண்

என் பரிந்துரை: இறுதிக் கட்டுரைக்குப் பாதிக்கும் குறைவாகவே கொடுங்கள். மீதியைத் தேடல் குறிப்பேட்டுக்கும், வாராந்திர நான்கு வரிகளுக்கும், கூற்றின் வரைபடத்துக்கும் பிரியுங்கள். குறிப்பேட்டில் ஒரு மாணவர் “இன்று மூன்று மணி நேரம் தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை, என் சொல் தவறு என்று நினைக்கிறேன்” என்று எழுதியிருந்தால் அதற்கு நல்ல மதிப்பெண் தர வேண்டும். ஆய்வு அங்கேதான் நடந்திருக்கிறது.

முடிவுகளைக் கரைக்குத் திருப்பித் தருவது

இதைப் பதினைந்தாம் வாரத்துக்கு ஒத்திவைத்தால் நடக்காது. பன்னிரண்டாம் வாரத்திலேயே நாள் குறித்துவிடுங்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் மாணவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஊரில் ஒரு மாலை போதும்: மீனவர் சங்கக் கட்டடம், கோயில் மண்டபம், தேவாலய வளாகம், ஜமாத் கூடம், எது ஒத்துவருகிறதோ அது. பத்து நிமிடம் மாணவர்கள் பேச வேண்டும், மீதி நேரம் கேட்க வேண்டும். ஒரே ஊர்க்காரர் பலர் பேட்டி கொடுத்திருப்பதால், சொற்றொடர்களை அப்படியே வாசிக்காமல் பொதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பவர்கள் “அது தப்பு, அப்படியில்லை” என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களைக் குறித்துவைத்து, கட்டுரையை அதற்குப் பிறகுதான் முடிக்க வேண்டும். ஆகவே கட்டுரை ஒப்படைக்கும் தேதியை இந்தக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து வையுங்கள்.

கூற்று வரைபடங்களையும், பெயர் நீக்கிய பேட்டிகளையும், எங்கே எது கிடைத்தது என்ற தேடல் குறிப்புகளையும் துறை நூலகத்தில் ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் முதல் வாரத்தில் வாசிக்க வேண்டிய முதல் கட்டு அதுவாக இருக்கட்டும். சென்ற ஆண்டுக்காரர்கள் யாரைக் கேட்கவில்லை என்று அவர்கள் எழுதி வரட்டும், புதிய பருவத்தின் கேள்வியை அதிலிருந்து எடுக்கலாம்.